மூணாவது முரசுக்கு முன்னே

ரொம்ப ரொம்ப நாளைக்கு முன்னாடி, மீனும் மனுஷனும் முகம் பார்த்துப் பேசிக்கிட்டிருந்த காலத்துல, செம்பாறைன்னு ஒரு ராஜ்ஜியம் இருந்துச்சு. ராஜ்ஜியத்துக்கு நடுவுல பொன்னலை ஆறு ஓடுச்சு. அந்த ஆத்துல பரிசல் ஓட்டினவள்தான் நம்ம நீலாயி. அது என்ன ‘நம்ம’ நீலாயின்னு கேக்காதீங்க. கதை முடியறப்போ நீங்களும் அப்படித்தான் சொல்லப் போறீங்க.

பரிசல் தெரியுமில்லையா? மூங்கில்ல பின்னித் தோல் போர்த்தின வட்டக் கூடை. முன்பக்கமும் கிடையாது, பின்பக்கமும் கிடையாது. துடுப்பு கொஞ்சம் தப்பினா பம்பரம்தான். பொன்னலை ஆத்துல சுழியும் உண்டு, பனிமூட்டமும் உண்டு. எதிர்க்கரையில ஆள் நிக்குதா இல்லையான்னு பல நாள் கண்ணுக்கே தெரியாது. அதனால அந்த ஊர்ல ஒரு வழக்கம். பரிசல்காரி ரெண்டு கையையும் வாய்க்குக் குவிச்சுக் கூப்பிடணும்:

“அக்கரையில ஆளுண்டா... ஓ...!”

அக்கரையில நிக்கறவங்க துண்டையோ முந்தானையையோ உசத்திப் பிடிச்சு, பதில் குடுக்கணும்:

“ஆளுண்டு... ஓ...!”

பதில் வராம பரிசலைத் தண்ணியில தள்ளக் கூடாது. ராஜாவே வந்து நின்னாலும் சரி, குரல் குடுத்தாத்தான் பரிசல்.

நீலாயி குரல் இருக்கே, அம்மாடி! அவள் கூப்பிட்டா அக்கரைப் புளியமரத்துக் கொக்கெல்லாம் எழும்பிப் பறக்கும். அப்படிப்பட்டவளுக்கு ஒரு சங்கடம். பத்துப் பேர் சேர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாப் போதும், பேச்சு வராது. சித்தப்பா மகள் கல்யாணத்துல, “நீ ஒரு வார்த்தை வாழ்த்திச் சொல்லு புள்ள”ன்னு மணமேடைக்கு முன்னாடி இழுத்து நிறுத்தினாங்க. சொல்லு தொண்டை வரைக்கும் வந்துச்சு, தொண்டையிலேயே நின்னுச்சு. காது சிவந்து, கை வேர்த்து, ஓடிப் போய்ச் சோத்து அண்டாவுக்குப் பின்னாடி உக்காந்தவள்தான், பந்தி முடியற வரைக்கும் வெளிய வரலே. சிரிக்காதீங்க. நம்மள்லயும் அண்டா தேடினவங்க எத்தனை பேரோ!

சரி, கதைக்கு வருவோம். செம்பாறையில ஆத்தங்கரையோரமா நியாயம் பேசற இடத்துக்கு வழக்குப் பாறைன்னு பேரு. யாராவது ஒண்ணை ‘எனக்கு’ன்னு கேட்டா, ‘இல்லே’ன்னு சொல்ல வேண்டியவங்க அந்தப் பாறை மேல ஏறி, ஜனங்க முகத்தைப் பார்த்துப் பேசணும். முரசு மூணு தரம் முழங்கும். மூணாவது முரசுக்கு முன்னே வாய் திறக்கலேன்னா, சம்மதம்னு தீர்ப்பு. முப்பாட்டன் காலத்துச் சட்டம். யாரும் அதைத் தொட்டதில்லே.

இந்தச் சட்டத்துல இருந்த ஓட்டையை ஒருத்தன் மோப்பம் பிடிச்சான். மலை மேல இருந்த மந்திரவாதி. அவன் நிஜப் பேரு யாருக்கும் தெரியாது. ஜனங்க அவனுக்கு வச்ச பேரு வாய்ப்பூட்டான்.

முதல் வருஷம் பல்லக்குல வந்து இறங்காமலே, ராஜாவைப் பார்த்து, “ஊர்க் கிணறு எனக்கு வேணும்”னான். எதிர்த்துப் பேசப் பாறை மேல ஏறினவர் நீலாயியோட அப்பா வேடியப்பன். ஆத்துக்கே பதில் சொல்ற ஆம்பளை. டும்! டும்! டும்! சொல்லு தொண்டை வரைக்கும் வந்துச்சு, தொண்டையிலேயே நின்னுச்சு. கீழே நின்ன ஜனங்களும் ‘அநியாயம்’னு சொல்ல வாயெடுத்து, அவங்கவங்க சொல்லை அவங்கவங்களே முழுங்கிக்கிட்டாங்க. வாய்ப்பூட்டான் விரலைச் சொடுக்கினான். முழுங்கின சொல்லெல்லாம் கல்லுக் கல்லா வெளிய வந்து, உருண்டுக்கிட்டே மலை ஏறிப் போச்சு. போன கல்லை வச்சுக் கோட்டை கட்ட ஆரம்பிச்சான். அன்னைக்குப் பாறையை விட்டு இறங்கின வேடியப்பன் அப்புறம் ஒரு வார்த்தை பேசலே. 

ரெண்டாம் வருஷம் புன்னைத் தோப்பு போச்சு. நெசவுக்காரி செவந்தி ஊமையானாள். மூணாம் வருஷம் மேய்ச்சல் காடு போச்சு. ஆடு மேய்க்கிற இருளப்பன் ஊமையானார். மலை மேல கோட்டை மூணு நிலை எழும்பிடுச்சு.

நாலாம் வருஷம் தண்டோரா போட்டாங்க. “இன்னைக்கு மூணாம் நாள், பொன்னலை ஆறு தனக்கு வேணும்னு மந்திரவாதி கேக்கப் போறாரு! எதிர்த்துப் பேசறவங்க பாறைக்கு வரலாம்!”

ஆறு அவன் கைக்குப் போனா என்ன ஆகும்? மலைக்குள்ள திருப்பிக் கோட்டை அகழிக்கு விட்டுக்குவான். கீழே ஒரு சொட்டு வராது. வயலும் போச்சு, மீனும் போச்சு, பரிசலும் போச்சு. ஆத்துக்காகப் பேசற உரிமை துறையில பரிசல் விடற குடும்பத்துக்குத்தான். வேடியப்பனுக்குப் பேச்சு இல்லே. மிச்சம் யாரு?

“நானா!”ன்னாள் நீலாயி. அண்டா எங்கேன்னு கண்ணு தானாத் தேடுச்சு.

வேடியப்பன் மகளைப் பார்த்தார். ‘வேண்டாம்’னு தலையை ஆட்டினார். தனக்கு வந்தது மகளுக்கும் வந்துடுமோன்னு அந்த மனுஷனுக்குப் பயம். அப்பா தலையாட்டினதைப் பார்த்ததும் நீலாயிக்கு நெஞ்சு கொதிச்சுப் போச்சு. ‘மூணு வருஷமா அப்பா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடலே. இவன் ஆத்தையும் எடுத்துக்குவானா?’

“போறேன்பா. போய்த்தான் பார்க்கறேன்”னாள்.

முதல் நாள் அரண்மனைப் புலவர்கிட்டப் போனாள். அவர் மூணு ஓலை நிறைய ஒரு பேச்சு எழுதிக் குடுத்தார். ‘மாட்சிமை தங்கிய மன்னர் பெருமானே, மாநிலம் போற்றும் மாந்தர் குழாமே’ன்னு ஆரம்பிக்கும். துடுப்புப் போட்டுக்கிட்டே மனப்பாடம் பண்ணினாள். ‘குழாம்’னா என்னன்னு கடைசி வரைக்கும் அவளுக்குத் தெரியாது.

ரெண்டாம் நாள் வைத்தியர்கிட்டப் போனாள். அவர் தேன்ல சுக்கும் அதிமதுரமும் குழைச்சு நக்கக் குடுத்தார். தொண்டை நல்லா இனிச்சுச்சு. பயம் மட்டும் இருந்த இடத்துலயே இருந்துச்சு.

மூணாம் நாள் காலையில யாருகிட்டப் போறதுன்னு தெரியாம, பரிசல் ஓரத்துல உக்காந்து அழுதுக்கிட்டிருந்தாள். 

“ஏ பொண்ணே! அழுது அழுது ஆத்தை உப்பாக்காதே. மீன் ருசி கெட்டுப் போகும்”னு ஒரு குரல் கேட்டுச்சு.

பார்த்தா, நாணலுக்குள்ள ஒரு நீர்நாய். மீசையெல்லாம் தண்ணி சொட்ட, பின்னங்கால்ல வலை சுத்திக் கிடந்துச்சு.

“நீர்நாயும் பேசுமா!”ன்னாள் நீலாயி.

“நான் பேசறது இருக்கட்டும். நீ ஏன் பேச மாட்டேங்கறே? முதல்ல இந்த வலையை அவுத்து விடு.”

நீலாயி அவுத்து விட்டாள். நீர்நாய் உடம்பை ஒரு உதறு உதறி, அவளை முழுக்க நனைச்சுட்டு, பரிசல்ல ஏறிச் சட்டமா உக்காந்துச்சு.

“கேட்டுக்கோ. கோட்டை மதகு வழியா உள்ளே போய் வர்ற ஆளு நான் ஒருத்தன்தான். அங்கே ஒவ்வொரு கல்லும் முணுமுணுக்குது. காது வச்சுக் கேட்டிருக்கேன். அடிக்கல் உங்க அப்பனோடது.”

“என்ன சொல்லுது?”

“‘கிணறு ஊருக்குப் பொது. நான் சம்மதிக்கலே.’ அவ்வளவுதான்.”

“அவ்வளவுதானா? இத்துனூண்டு சொல்லா?”

“சொன்னா இத்துனூண்டு. முழுங்கினா கல்லு”ன்னுச்சு நீர்நாய். “இன்னொண்ணும் கேளு. அந்தப் பாறை உச்சியில அவன் மை தடவி வச்சிருக்கான். மிதிச்சவங்க கண்ணுக்கு எதிர்ல இருக்கற ஜனமெல்லாம் புலியாத் தெரியும். நிஜத்துல புலியும் இல்லே, ஒண்ணும் இல்லே. எல்லாம் உன் பரிசல்ல வந்து போற சனங்கதான். மூணாவது முரசுக்கு முன்னே வாய் திறந்துட்டியோ, அப்புறம் எந்த முரசும் உன்னை நிறுத்த முடியாது. விட்டுப்போன சொல்லையும் சேர்த்துச் சொல்லலாம். ஜெயிச்சா எனக்கு மூணு மீன்.”

“தோத்தா?”

“தோத்தா ஆறே இருக்காது. நான் மட்டும் எங்கே போறது?”ன்னுட்டுத் தண்ணியில குதிச்சுப் போயிடுச்சு.

வெயில் ஏற ஏற வழக்குப் பாறையைச் சுத்தி ஜனக் கூட்டம். ராஜா குடைக்குக் கீழே உக்காந்திருந்தார். பல்லக்குல வந்த வாய்ப்பூட்டான் ஜனங்களுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, “பொன்னலை ஆறு எனக்கு வேணும்”னான், கடையில கத்திரிக்காய் கேக்கற மாதிரி.

டும்! முதல் முரசு.

நீலாயி பாறை மேல ஏறினாள். உச்சியில கால் வச்சதும் பாதம் சில்லிட்டுச்சு. நிமிர்ந்து பார்த்தாள். ஆயிரம் புலி! ரெண்டாயிரம் கண்ணு! புலியில்லேன்னு தெரியும். தெரிஞ்சு என்ன பண்ண? தெரிஞ்சா மட்டும் பயம் போயிடுமா? காது சிவந்துச்சு, கை வேர்த்துச்சு. ‘மாட்சிமை... மாட்சிமை...’ அடுத்த வார்த்தையைக் காணோம். மூணு ஓலைப் பேச்சும் ஓட்டைக் குடத்துத் தண்ணியாப் போயே போச்சு.

டும்! ரெண்டாவது முரசு.

தொண்டைக்குள்ள ஏதோ உருண்டு திரண்டு கெட்டியாச்சு. கல்லு! பல்லக்குல இருந்த வாய்ப்பூட்டான் சொடுக்கறதுக்கு விரலைத் தூக்கிட்டான். நீலாயிக்குத் தலை கிறுகிறுன்னு சுத்துச்சு. இந்தப் பக்கம் புலி, அந்தப் பக்கம் புலி, எந்தப் பக்கம் பார்க்கறதுன்னே தெரியலே. 

இந்தச் சுத்தல் அவளுக்குப் பழக்கமான சுத்தல். பரிசல் இப்படித்தான் சுத்தும். எப்போ? ஓட்டறவள் எல்லாத் தண்ணியையும் ஒரேயடியாப் பார்க்கறப்போ. சுழியைப் பார்க்கக் கூடாது, அலையைப் பார்க்கக் கூடாது. அக்கரையில ஒரே ஒரு இடத்தைக் கண்ணுல பிடிச்சுக்கணும்.

நீலாயி கூட்டத்தைப் பார்க்கறதை விட்டாள். கூட்டத்தோட கடைசிக் கரையைத் தேடினாள். புலிகளுக்கெல்லாம் பின்னாடி, வெகு தூரத்துல, ஒரு சிவப்புத் துண்டு மேலே எழும்புச்சு. பரிசலுக்கு நிக்கற ஆள் உசத்திப் பிடிக்கிற மாதிரியே. அது அப்பாவோட துண்டு. பேச வாயில்லாத மனுஷன், ‘ஆள் இருக்கேன்’னு துண்டைத் தூக்கிக் காட்டறார்.

அவ்வளவுதான். அவள் கை ரெண்டும் தானா வாய்க்குக் குவிஞ்சுச்சு. முரசுக்காரன் மூணாவது அடிக்குக் கோலை ஓங்கிட்டான். அதுக்கு முன்னே வந்துச்சு பாருங்க ஒரு குரல்!

“அக்கரையில ஆளுண்டா... ஓ...!”

பாறை அதிர்ந்துச்சு. ராஜாவோட குடை ஆடுச்சு.

அப்புறம் என்ன நடந்துச்சு தெரியுமா? வாரத்துல ஆறு நாள் ஆத்தைக் கடக்கிற மோர்க்காரி வஞ்சியம்மா, பழக்கதோஷத்துல முந்தானையைத் தூக்கிப் பிடிச்சு, “ஆளுண்டு... ஓ...!”ன்னாங்க. வளையல்காரர் மாதவன், “ஆளுண்டு... ஓ...!”ன்னார். அன்னைக்குக் கல்யாணத்துல மணமேடையில உக்காந்திருந்த சித்தப்பா மகள், “ஆளுண்டு அக்கா... ஓ...!”ன்னாள். அப்புறம் மைதானம் முழுக்க ஒரே குரல். வருஷக்கணக்கா அவள் கூப்பிட, பதில் குடுத்த சனங்க இல்லையா, வாயைக் கட்ட முடியுமா? வேட்டைக்குப் போறப்போ அவள் பரிசல்ல கடந்த ராஜா கூட மீசைக்குள்ளயே “ஆளுண்டு”ன்னார். முரசுக்காரனும் கையைக் குவிச்சான். கோல் கீழே விழுந்து உருண்டுச்சு. மூணாவது முரசு முழங்கவே இல்லே.

ஒவ்வொரு ‘ஓ’வுக்கும் ஒரு புலித்தலை கழண்டு விழுந்துச்சு. நீலாயி கண்ணைச் சிமிட்டிப் பார்த்தாள். மோர்க்காரி. வளையல்காரர். தங்கச்சி. எல்லாம் நம்ம சனம்.

“இது செல்லாது!”ன்னு கத்தினான் வாய்ப்பூட்டான். “இது பரிசல் கூப்பாடு. பேச்சு இல்லே!”

“வாய் திறக்கணும்னுதானே சட்டம்? திறந்தாச்சு. அதுவும் எப்பேர்ப்பட்ட திறப்பு!”ன்னார் ராஜா. “நீ பேசும்மா.”

நீலாயி பேசினாள். கால் அப்பவும் நடுங்கிக்கிட்டுத்தான் இருந்துச்சு. நடுங்கற காலோடயே பேசினாள்.

“மகாராஜா! ஜனங்களே! நான் வேடியப்பன் மக நீலாயி. ஒரு பேச்சு மனப்பாடம் பண்ணிட்டு வந்தேனுங்க. அது வழியிலேயே கொட்டிப் போச்சு.”

ஜனங்க சிரிச்சாங்க. அந்தச் சிரிப்புல பரிவு இருந்துச்சு. நீலாயிக்கு மூச்சு இழுத்து விட இடம் கிடைச்சுச்சு.

“அதனால எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். ஆறு யாருதுன்னு கேக்கறாங்க. வஞ்சியம்மா தன் மகளைப் பெத்தது என் பரிசல்ல, ஆத்து நடுவுல. அந்தப் புள்ளையைக் கேளுங்க, ஆறு யாருதுன்னு. மாதவண்ணன் தன் அப்பா சாம்பலைக் கரைச்சது இந்தத் தண்ணியில. அவரைக் கேளுங்க. மகாராஜா, நீங்க கிரீடம் வைக்கறதுக்கு முன்னாடி தலை முழுகினது எந்தத் தண்ணியிலங்க? பொறந்தவங்க, போனவங்க, முடி சூடினவங்க எல்லாரையும் தொட்ட தண்ணி இது. இதுல எனக்குன்னு தனியா ஒரு கை அள்ளிக்க முடியாது. இவருக்கும் முடியாது. ஆறு எல்லாருக்கும் பொது. நான் சம்மதிக்கலே!”

ஆகா! மைதானமே எழுந்து நின்னுச்சு. நம்ம நீலாயிங்க அவள்! சோத்து அண்டாவுக்குப் பின்னாடி ஒளிஞ்ச அதே நீலாயி!

அவள் இறங்கலே. “இன்னும் ஒண்ணு இருக்கு. மூணு வருஷம் முன்னாடி இந்தப் பாறையில சொல்லாம விட்டது. கிணறு ஊருக்குப் பொது. நாங்க சம்மதிக்கலே!”

மலை மேல தடால்னு ஒரு சத்தம். கோட்டையோட அடிக்கல் பிடுங்கிக்கிட்டு விழுந்துச்சு. அதைப் பார்த்துக் கீழே நின்னவங்க ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா, அன்னைக்கு முழுங்கின சொல்லைச் சொல்ல ஆரம்பிச்சாங்க. “தோப்பு எங்களது!” தடால்! “மேய்ச்சல் காடு எங்களது!” தடால்! “அநியாயம்! அநியாயம்!” தடால்! தடால்! கொஞ்ச நேரத்துல மலை மேல கோட்டையும் இல்லே, கோட்டை இருந்த தடமும் இல்லே. செவந்திக்குப் பேச்சு வந்துச்சு. இருளப்பனுக்குப் பேச்சு வந்துச்சு. வேடியப்பனும் வாயைத் திறந்தார். இருமல்தான் வந்துச்சு. அவர் கல்லுதானே அடிக்கல், எல்லாக் கல்லையும் சுமந்து கிடந்தது. சட்டுனு திறக்குமா?

ராஜா பல்லக்குப் பக்கம் திரும்பினார். “உன் பக்கத்து நியாயத்தை நீயும் சொல்லு. எனக்குச் சொல்ல வேண்டாம். பாறை மேல ஏறி, அவங்க முகத்தைப் பார்த்துச் சொல்லு.”

அத்தனை வருஷத்துல வாய்ப்பூட்டான் ஒரு தரம் கூட ஜனங்க முகத்தைப் பார்த்துப் பேசினதில்லே. வீராப்பா ஏறினான். தான் தடவின மையைத் தானே மிதிச்சான். நிமிர்ந்தான். ஆயிரம் புலி!

வாயைத் திறந்தான், மூடினான். திறந்தான், மூடினான். திறந்தான், மூடினான். கண்ணு ரெண்டும் பிதுங்கிச்சு, உடம்புல செதில் முளைச்சுச்சு. திறந்து மூடித் திறந்து மூடியே ஒரு கெண்டை மீனாப் போய்ப் பாறையிலிருந்து துள்ளி ஆத்துல விழுந்தான். நீர்நாய் பாய்ஞ்சு கவ்வுச்சு. அடுத்த கணமே, “த்தூ! கசப்பு!”ன்னு துப்பிடுச்சு. “இது கணக்குல சேராது. எனக்கு மூணு நல்ல மீன் வரணும்!”

ராஜா நீலாயியைக் கூப்பிட்டார். “என்ன வேணும்மா? எது கேட்டாலும் தர்றேன்.”

நீலாயி யோசிக்கவே இல்லே. “மூணாவது முரசு வேண்டாமுங்க. முதல் முரசும் வேண்டாம், ரெண்டாவது முரசும் வேண்டாம். பாறையில ஏறினவங்களுக்குத் தொண்டை திறக்க நேரம் குடுங்க. அது வரைக்கும் கீழே இருக்கறவங்க, ‘ஆளுண்டு’ன்னு ஒரு குரல் குடுத்தாப் போதும்.”

முப்பாட்டன் காலத்துச் சட்டத்தை அந்த ராஜா அந்த இடத்துலயே மாத்தினார். அன்னையிலிருந்து செம்பாறையில யாரு பேச எழுந்தாலும், குழந்தையானாலும் சரி, கிழவரானாலும் சரி, கூட்டம் முதல்ல அந்தக் குரலைக் குடுத்துட்டுத்தான் கேக்கும்.

வெயில் தாழ, வஞ்சியம்மாவையும் மத்தவங்களையும் அக்கரையில இறக்கி விட்டுட்டு, நீர்நாய்க்கு மூணு மீனையும் போட்டுட்டு, நீலாயி தனியா நின்னாள். ஆத்து மேல பனி இறங்கியிருந்துச்சு. வீட்டுப் பக்கத்துக் கரை தெரியலே. அந்தப் பனிக்குள்ளிருந்து ஒரு குரல். கரகரப்பான குரல். மூணு வருஷம் பூட்டிக் கிடந்த குரல்.

“அக்கரையில ஆளுண்டா... ஓ...!”

ஆயிரம் பேர் முன்னாடி பேசினவளுக்கு இப்போ சொல்லு தொண்டை வரைக்கும் வந்துச்சு, தொண்டையிலேயே நின்னுச்சு. இது பயமில்லே. கண்ணைத் துடைச்சுக்கிட்டாள். மறுபடியும் குரல் வந்துச்சு.

“அக்கரையில என் மக நீலாயி உண்டா... ஓ...!”

நீலாயி ரெண்டு கையையும் குவிச்சாள். புளியமரத்துக் கொக்கெல்லாம் எழும்பிப் பறக்கக் குரல் குடுத்தாள்.

“உண்டுப்பா... ஓ...!”

பரிசல் கரை சேர்ந்துச்சு, கதையும் கரை சேர்ந்துச்சு. இறங்கறவங்க பார்த்து இறங்குங்க.